கண்காட்சிக்குக் கலப்பினப் பன்றி: குறை தெரிந்தால் எங்கே தேடுவது

கலப்பு சரியாக வரவில்லை என்பது பெரும்பாலும் காலம் கடந்துதான் தெரியும். குட்டி வளர்ந்து, கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பின்கால் நடையில் ஒரு இறுக்கம் தெரியும். அல்லது ஓட்டிப் பழக்கும்போது பன்றி நடுங்கி நிற்கும். உடனே எல்லோரும் குறை சொல்வது ஆண் பன்றியை. அடுத்த முறை வேறு ஆண் பன்றியின் விந்து வாங்கிப் போடுவார்கள். குறை அப்படியே திரும்பி வரும். காரணம் தாயிடமோ, தீவனத் தொட்டியிலோ, பழைய வம்சப் பதிவிலோ இருந்திருக்கும். அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் எந்த அறிகுறி தெரிந்தாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். இது ஒரு குட்டியில் மட்டும் இருக்கிறதா, ஒரே ஈற்றில் பல குட்டிகளில் இருக்கிறதா, கொட்டிலில் உள்ள எல்லா ஈற்றுகளிலும் இருக்கிறதா? ஒரே குட்டி என்றால் காயம், நோய், பால் போதாமை என்ற பக்கம் தேடுங்கள். ஒரு ஈற்றில் கால்வாசியோ பாதியோ என்றால் பெற்றோரின் ரத்தத்தைச் சந்தேகப்படலாம். வெவ்வேறு தாய், வெவ்வேறு தகப்பன், ஆனாலும் எல்லாவற்றிலும் அதே குறை என்றால் தரை, தீவனம், வெப்பம். இது நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி அல்ல. தேடலை எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பிறந்த உடனே குட்டிக்கு அடையாளம் போட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாக இருக்கும் காது வெட்டு முறை நல்லது: வலது காதில் ஈற்றின் எண், இடது காதில் குட்டியின் எண். வெட்டு விழும் இடத்தைப் பொறுத்து 1, 3, 9, 27 என்று மதிப்பு. வலது காதின் நுனியில் 81. ஒரு தாளில் தாய், தகப்பன், சேர்த்த நாள், பிறந்த நாள், பிறந்த எடை, கண்ட குறைகள். விற்றுப்போன குட்டிகளின் குறையையும் கேட்டு எழுதி வையுங்கள். நல்ல குட்டியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற ஏழெட்டை மறந்துவிடுவதுதான் இந்தத் தொழிலில் நான் காணும் பெரிய தவறு.

சதை நிறைய இருக்கிறது, ஆனால் ஓட்டினால் நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பன்றி செத்துப்போகும். வாலும் பின்தொடையும் நடுங்கும், வாயைத் திறந்து மூச்சு விடும், தோலில் சிவப்பும் வெளுப்பும் திட்டுத் திட்டாகத் தெரியும், பிறகு உடல் விறைத்து விழும். உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டும். சாதாரணமாக 39 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டியது.

அந்த நிமிடம் செய்ய வேண்டியது: ஓட்டுவதை நிறுத்துங்கள். கூட்டத்திலிருந்து விலக்கி நிழலில் விடுங்கள். காற்று வரட்டும். தரையையும் உடலையும் மெதுவாக நனையுங்கள். பனிக்கட்டித் தண்ணீரை ஒரேயடியாக மேலே கொட்டாதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

அப்புறம் காரணம். வெயில் நேரத்தில் எந்தப் பன்றிக்கும் மூச்சு வாங்கும், அதற்கு வியர்த்துக் குளிரும் வழி கிடையாது. ஆனால் குளிர்ந்த காலையில், சிறு தூரம் ஓட்டியதற்கே இப்படி ஆனால், அதிலும் அந்த ஈற்றிலேயே நல்ல சதைப்பிடிப்பு உள்ள குட்டிக்கு ஆனால், பயமோ அலைச்சலோ வந்தால் உடலை விறைக்க வைக்கும் அழுத்த மரபணுவைச் சந்தேகியுங்கள். ஹாலோதேன் என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் இந்தப் பன்றிகள் விறைத்துப்போகும் என்பதால் அதற்கு ஹாலோதேன் மரபணு என்றே பெயர் வந்தது. தசைக்குள் கால்சியத்தை வெளியேவிடும் வாயில் ஒன்று சரியாக மூடாமல் போவதுதான் கோளாறு. எந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பது 1991இல் கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து ரத்தத்தையோ முடியின் வேரையோ கொடுத்து உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். பெல்ஜியத்தின் பியட்ரெய்ன் இனத்தில் இது மிகுந்திருந்தது. கண்காட்சிக்காகச் சதை கூட்டப் பியட்ரெய்ன் ரத்தம் சேர்த்த வம்சங்களில் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

கணக்கு எளிது. இந்த மரபணுவில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வரும். இரண்டு பிரதியும் கெட்டதாக இருக்கும் பன்றிதான் விழும். ஒரு பிரதி மட்டும் கெட்டது என்றால் அது சுமக்கும் பன்றி. பார்க்க நன்றாக இருக்கும், சதை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், இறைச்சித் தரம் மட்டும் குறையும். சுமக்கும் பன்றி இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி விழும் வகை, இரண்டு சுமக்கும் வகை. சுமக்கும் பன்றியைச் சுத்தமான பன்றியோடு சேர்த்தால் எந்தக் குட்டியும் விழாது, ஆனால் பாதி சுமக்கும். ஆக, ஆண் பன்றி சுமக்கும் வகை என்று விற்பவரே சொல்லி, அதன் சதைக்காக நீங்கள் அதைத் தேர்ந்தெடுத்தால், தாயைப் பரிசோதிக்காமல் சேர்க்கவே கூடாது. என் கருத்தைக் கேட்டால் அந்தச் சதைக்கு ஆசைப்பட வேண்டாம் என்பேன். இந்த மரபணு இல்லாமலே சதைப்பிடிப்புள்ள வம்சங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஒரு சிறுவனோ சிறுமியோ மாதக்கணக்கில் வளர்த்த பன்றி, நடுவர் முன்னால் விழுந்து சாவதைவிடக் கொடுமை இதில் வேறில்லை.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள்: தோலில் சாய்சதுர வடிவில் மேடிட்ட சிவப்புத் தடிப்பு, காய்ச்சல், விறைத்த நடை என்றால் அது எரிசிபெலாஸ் என்ற தொற்று. மனிதர் கையில் காயம் இருந்தால் அவருக்கும் ஒட்டும். மருத்துவர் வேலை அது, கலப்பின் குற்றம் அல்ல.

நடை குறுகுகிறது, கால் நேராகக் குத்தி நிற்கிறது

முதலில் எத்தனை கால் என்று பாருங்கள். ஒரு கால், திடீரென்று, தொட்டால் சூடு என்றால் காயம் அல்லது மூட்டில் தொற்று. குளம்பைத் தூக்கிப் பார்த்து, வெடிப்பு இருக்கிறதா, உள்விரலும் வெளிவிரலும் ஒரே அளவா என்று கவனியுங்கள். வழுக்கும் தரையில் வளரும் பன்றிகள் எல்லாமே காலை எண்ணி எண்ணி வைக்கும். இரண்டு வாரம் வைக்கோல் பரப்பிய இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். நடை திரும்பி வந்தால் ரத்தத்தில் குறையில்லை.

இரண்டு பின்கால்களும் சிறு வயதிலிருந்தே நேராக, கணுக்கால் மூட்டில் வளைவே இல்லாமல் இருந்தால் அது அமைப்பு. முன்பக்கம் முழங்கால் முன்னே தள்ளி நிற்பதும், குளம்புக்கு மேலே உள்ள பகுதி சாய்வின்றிச் செங்குத்தாக இருப்பதும் இதோடு சேர்ந்தே வரும். அடி வைக்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வளைவு இல்லாததால், எடை 90 கிலோவைத் தாண்டிய பிறகு குறை பளிச்சென்று தெரியும். 40 கிலோவில் நன்றாக நடந்த குட்டி பிறகு ஏன் இப்படி ஆனது என்று வளர்ப்பவர் குழம்புவது இதனால்தான். வேகமாக வளரும் பன்றிகளுக்கு மூட்டுக் குருத்தெலும்பே கெட்டுப்போகும் நோயும் உண்டு. அதற்கும் இந்த அமைப்புக்கும் உறவு உண்டு.

இங்கேதான் கலப்பைப் பற்றிய பெரிய தவறான எண்ணம் உடைய வேண்டும். சதை மிகுந்த ஆணையும் சதை மிகுந்த பெண்ணையும் சேர்த்து, இனம் வேறு வேறு என்பதால் குறை மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கலப்பின வீரியம், அதாவது இரண்டு இனம் கலப்பதால் கிடைக்கும் கூடுதல் வலிமை, குட்டிகளின் எண்ணிக்கைக்கும் பிழைப்புக்கும் நன்றாக உதவும். கால் அமைப்பை அது காப்பாற்றாது. தாயும் தகப்பனும் ஒரே குறையைக் கொண்டிருந்தால், ஒன்று ஹேம்ப்ஷயர், மற்றது யார்க்‌ஷயர் என்பதால் குட்டிக்கு வளைந்த கணுக்கால் வந்துவிடாது. தாய் நீண்டு, தளர்ந்து, பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலேயே விழும்படி நடக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட தாய் கொஞ்சம் சதை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, சதையை ஆண் கொடுக்கும். கெட்ட காலுள்ள தாய்க்கு எந்த ஆணைத் தேடினாலும் இரண்டு மூன்று தலைமுறை ஆகும்.

ஏற்கனவே இந்தக் குறையோடு நிற்கும் பன்றிக்கு என்ன செய்வது? நீளமாக வளர்ந்த குளம்பை நல்ல கை ஒருவரைக் கொண்டு சீர் செய்யுங்கள், மென்மையான தரையில் தினமும் நடக்க விடுங்கள், எடையைக் கண்காட்சிக்குத் தேவையான அளவில் கீழ்ப்பக்கமாக வையுங்கள். அதைக் குட்டி எடுக்கும் வளர்ப்புக்கு வைக்காதீர்கள்.

சதை கூட்டும் தீவன மருந்தான ரேக்டோபமைனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் சீனாவிலும் தடை. அனுமதி உள்ள நாட்டிலும் அதை ஏற்காத கண்காட்சிகள் உண்டு. விதிப்புத்தகம் பாருங்கள். அதைக் கொடுத்த பன்றிகளை ஓட்டுவது சிரமமாவதும் குளம்புக் கோளாறு கூடுவதும் தெரிந்த விஷயம். கலப்பை மதிப்பிடுகிறவருக்கு இன்னொரு கெடுதல்: குட்டியின் தோளும் தொடையும் ரத்தத்தால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரே ஈற்றில் ஒன்று அபாரம், மற்றவை ஆளுக்கொரு வடிவம்

பிறந்த எடையைப் பாருங்கள். ஒரு கிலோவுக்குக் கீழே பிறந்தவை பின்தங்கினால் அதில் வியப்பில்லை. கடைசி மடிக்காம்புகளில் குடித்த குட்டிகளும் அப்படித்தான். ஆனால் எடை ஒத்திருந்தும் ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று அகலம் என்றால் பெற்றோரைப் பாருங்கள். இரண்டுமே கலப்பினமா?

தூய இனம் இரண்டைச் சேர்த்தால் வரும் முதல் தலைமுறை பெரும்பாலும் சீராக இருக்கும், வீரியமும் முழுதாக இருக்கும். அந்த முதல் தலைமுறைப் பன்றிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் மரபணுக்கள் பிரிந்து கலைந்து விதவிதமாக வரும், வீரியமும் பாதியாகும். பெற்றோரில் ஒன்றோடு திரும்பச் சேர்த்தாலும் பாதிதான். இரண்டு இனங்களை மாறி மாறிச் சேர்த்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 67 சதவீதத்தில் நிலைக்கும், மூன்று இனங்களைச் சுழற்றினால் 86 சதவீதம். முழு வீரியமும் வேண்டும், தாயிடமும் வீரியம் வேண்டும் என்றால் பழைய வழியே நல்ல வழி: யார்க்‌ஷயரும் லாண்ட்ரேஸும் கலந்த முதல் தலைமுறைத் தாய், அதற்கு மூன்றாவது இனமாக ஹேம்ப்ஷயர் அல்லது டியூராக் ஆண்.

கண்காட்சிக்காரர்கள் இதைப் பின்பற்றுவது குறைவு. பரிசு வாங்கிய கலப்பின ஆணைப் பரிசு வாங்கிய கலப்பினப் பெண்ணோடு சேர்ப்பார்கள். அபாரமான ஒன்று பிறந்துவிடும் என்பது உண்மை. மீதிக் குட்டிகளுக்கு இடமும் வாங்குபவரும் இருந்தால் செய்யுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு ஈற்று மட்டும் எடுப்பவர் சீரான கலப்பைத்தான் நாட வேண்டும்.

கலப்பினம் என்று பெயர், ஆனால் குட்டிகள் குறைவு, சோர்ந்து பிறக்கின்றன

வம்சப் பதிவை எடுங்கள். இரண்டு பக்கமும் மூன்று தலைமுறை எழுதுங்கள். ஒரே ஆண் பன்றியின் பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா? செயற்கைக் கருவூட்டல் வந்த பிறகு ஒரு புகழ்பெற்ற ஆணின் விந்து எங்கும் போகிறது. இரண்டு வெவ்வேறு பண்ணையில் வாங்கிய ‘கலப்பினங்கள்’ அப்பன் வழியில் ஒன்றுவிட்ட உறவாகவே இருக்கலாம். அப்பனை மட்டும் பகிர்ந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டியின் உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் சேர்வது) அளவு 12.5 சதவீதம், முழு உடன்பிறப்புகள் என்றால் 25. குட்டிகளின் எண்ணிக்கை, பிழைப்பு, தாய்மை போன்றவற்றில்தான் கலப்பின வீரியம் அதிகம் தெரியும். உள்ளினக் கலப்பில் முதலில் அடிவாங்குவதும் அவைதான்.

வம்சம் சுத்தமாக இருந்தால் கருவூட்டிய நேரத்துக்குப் போங்கள்.

சினை நிற்கவில்லை

எத்தனை நாளில் மீண்டும் பருவத்துக்கு வந்தது என்பதே பாதிப் பதில். 18 முதல் 24 நாளுக்குள் என்றால் கரு பிடிக்கவே இல்லை: நேரம் தவறியது, அல்லது விந்து கெட்டது. 25 நாளுக்கு மேல், ஒழுங்கில்லாமல் என்றால் பிடித்த கரு அழிந்திருக்கிறது. இரண்டாம் வாரத்தில் கருப்பையில் குறைந்தது நான்கு கருக்களாவது இல்லை என்றால் உடல் அந்தச் சினையைத் தக்கவைக்காது. அந்த முதல் மாதத்தில் தாயை இடம் மாற்றுவதும், புதிய பன்றிகளோடு சண்டையிட விடுவதும், வெயிலில் ஏற்றிச் செல்வதும் வேண்டாம். கண்காட்சிக்குக் கூட்டிப்போய் வந்த இளம் பெண் பன்றிகளில் இந்தக் கோளாறு எனக்கு வியப்பளிப்பதில்லை.

விந்து 16 முதல் 18 டிகிரி வெப்பத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். தினமும் மெதுவாகக் கவிழ்த்துப் புரட்டுங்கள். முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும் நேரத்தைக் காலையும் மாலையும் பாருங்கள். ஆண் பன்றி எதிரே இருந்தால் சரியாகத் தெரியும். நிற்கத் தொடங்கிய பிறகு ஒரு முறை, 12 முதல் 24 மணி நேரத்தில் இன்னொரு முறை. இளம் பெண் பன்றிகளுக்குப் பருவம் குறைந்த நேரமே இருக்கும், அதனால் தாமதிக்காதீர்கள்.

உங்கள் சொந்த ஆண் பன்றி என்றால் ஏழு வாரம் பின்னால் யோசியுங்கள். விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகும். அப்போது கடும் வெயிலோ காய்ச்சலோ இருந்திருந்தால் இன்று சினை நிற்காது.

இளம் பெண் பருவத்துக்கே வரவில்லை என்றால் வயதையும் கொழுப்பையும் பாருங்கள். கண்காட்சிக்காக மெலிய வைத்து, சதை மட்டும் நிறுத்திய பன்றிக்குக் கொஞ்சம் உடம்பு தேற வேண்டும். தீவனத்தை ஏற்றி, முதிர்ந்த ஆண் பன்றியைத் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் காட்டுங்கள். இரண்டாவது பருவத்துக்கு முன்னால் சேர்க்காதீர்கள்.

நாள் வரும்போது எடை தவறுகிறது

குட்டி நன்றாக இருக்கிறது, ஆனால் கண்காட்சி நாளில் 100 கிலோ அல்லது 145 கிலோ. இது கலப்பின் குறை அல்ல, நாட்காட்டியின் குறை. சினைக்காலம் 114 நாள். 120 கிலோ வர ஏறக்குறைய 180 நாள். ஆகக் கண்காட்சி நாளிலிருந்து 294 நாள் பின்னால் எண்ணிச் சேர்க்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் பன்றி நாளுக்கு 0.9 கிலோ ஏறுகிறது என்று வையுங்கள். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள், அதாவது 19 கிலோ. அதனால் ஒரே தாயை நம்பாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தாய்களைச் சேர்ப்பது நல்லது.

எடை கூடிப்போன பன்றியைப் பட்டினி போட்டு இறக்குவதை நான் ஏற்கவில்லை. வயிறு ஒட்டும், சதை வாடும், குணமும் கெடும். ஆறு வாரம் முன்பே கணக்குப் பார்த்தால் தீவனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து வளர்ச்சியை மட்டுப்படுத்தலாம்.

கொழுப்பு ஏறிவிட்டது, அல்லது தட்டையாக இருக்கிறது

முதுகுக் கொழுப்பின் வேறுபாட்டில் 40 முதல் 50 சதவீதம் வம்சாவளியாக இறங்குகிறது, குட்டிகளின் எண்ணிக்கையில் அது 10 சதவீதம் அளவுதான். ஆகக் கொழுப்பைத் தேர்வால் மாற்றுவது எளிது: மெலிந்த தாய் தகப்பனைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த ஈற்றிலேயே தெரியும். ஆனால் ஒரு கொட்டில் முழுக்கக் கொழுத்திருந்தால் இளம் வயதில், புரதத்தின் முக்கியக் கூறான லைசின் குறைந்த தீவனம் போட்டீர்களா என்று பாருங்கள். சதை வளர வேண்டிய காலத்தில் புரதம் போதாமல், தின்றது கொழுப்பாகப் போயிருக்கும்.

நிறமும் காதும் நினைத்தபடி வரவில்லை

வெள்ளை ஓங்கும். யார்க்‌ஷயர், லாண்ட்ரேஸ் ரத்தத்தில் வரும் வெள்ளை, அடியில் இருக்கும் நிறத்தை மூடி மறைக்கும். ஹேம்ப்ஷயரோடு சேர்ந்த குட்டியில் வெள்ளை முடிக்கு அடியில் நீலம் பூத்த தோல் திட்டுகள் தெரிவது இதனால்தான். அந்த வெள்ளைக் குட்டி வளர்ந்து நிறமுள்ள ஆணோடு சேர்ந்தால் ஏறக்குறைய பாதிக் குட்டி வெள்ளையின்றி வரும். யாரும் ஏமாற்றவில்லை. டியூராக்கின் சிவப்பு ஒடுங்கும் நிறம்: ஹேம்ப்ஷயரோடு சேர்த்தால் பட்டையுள்ள கறுப்புக் குட்டிகள், அவற்றை மறுபடி டியூராக்கோடு சேர்த்தால் பாதி சிவப்பு. நிமிர்ந்த காதும் தொங்கு காதும் கலந்தால் குட்டியின் காது பாதியளவு தொங்கும்.

கலப்பின வகுப்பில் நிறத்துக்காக நல்ல அமைப்பைத் தள்ள வேண்டாம். ஆனால் தூய இன வகுப்பில் நிறுத்த நினைத்தால் காதும் பட்டையும் விதியில் இருக்கும். கலப்புக் குட்டியைத் தூய இனம் என்று பதிவதற்கு இடமே இல்லை.

குடலிறக்கம், இறங்காத விதை, உள்ளிழுத்த காம்பு

தொப்புள் வீக்கம் ஒரே குட்டியில் இருந்தால் பிறந்தபோது தொப்புள்கொடியில் தொற்று வந்திருக்கலாம். விதைப்பையில் குடல் இறங்குவதும், ஒரு விதை உள்ளேயே நிற்பதும் பெரும்பாலும் வம்சக் குறை. அந்தச் சேர்க்கையைத் திரும்பச் செய்யாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும் உடன்பிறப்புகளையும் வளர்ப்புக்கு வைக்காதீர்கள், அவையும் அதைச் சுமக்கலாம். இரண்டாவது தாயிடமும் அதே ஆணுக்கு இப்படி வந்தால் ஆணையே நிறுத்துங்கள்.

காம்பை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் நடுவர் சதையைப் பார்க்கிறார் என்ற நினைப்பு. பெண் குட்டியை வளர்ப்புக்கு வைக்கும் முன் மல்லாத்திப் போட்டு எண்ணுங்கள்: பக்கத்துக்கு ஆறு, முடிந்தால் ஏழு, இடைவெளி சீராக, எல்லாம் வெளியே நீட்டியபடி. உள்ளே குழிந்த காம்பில் பால் வராது. எண்ணி முடித்ததும் அந்த எண்ணையும் குட்டியின் காது எண்ணுக்கு எதிரே எழுதுங்கள். அடுத்த வருடம் ஆணைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது முதலில் விரிக்க வேண்டிய தாள் அதுதான்.